கேடயமா, விலங்கா?

நகைக்கடையில் நாம் கேட்கும் 'சவரன்', இங்கிலாந்தின் சாவரின் காசு விட்டுப்போன சொல். அதன் எடை 7.98 கிராம், நாம் 8 ஆக்கிக்கொண்டோம். அரசச் சின்னம் பொறித்த தங்கக் காசு சேர்க்க விரும்புகிறவருக்கு நான் முதலில் காட்டுவதும் அதைத்தான். ஆனால் எல்லா சாவரினும் ஆகாது. பெரும்பாலானவற்றில் புனித ஜார்ஜ் டிராகனைக் குத்திக்கொண்டிருப்பார். கேடயம் வேண்டுமென்றால் 1838 முதல் 1887 வரையிலான விக்டோரியா காசுகளைத் தேட வேண்டும். இங்கிலாந்தின் மூன்று சிங்கங்கள், ஸ்காட்லாந்தின் எழுந்து நிற்கும் சிங்கம், அயர்லாந்தின் யாழ் மூன்றும் ஒரே கேடயத்தில் இருக்கும். கீழே 'எஸ்' எழுத்து இருந்தால் சிட்னியில் அச்சானது. 'எம்' என்றால் மெல்போர்ன்.

22 காரட், செம்பு கலந்தது. கையில் புழங்கினாலும் எளிதில் தேயாது. சாதாரண ஆண்டுக் காசு தங்க விலையை ஒட்டியே கிடைக்கும். விளிம்பை மட்டும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். காசுமாலையில் கோத்ததற்கான பற்றவைத்த தடம் இருந்தால் அது உருக்கும் விலைக்குத்தான் போகும்.

அடுத்தது பிரிட்டனின் நாணயச்சாலையான ராயல் மின்ட் 2016 முதல் 2021 வரை வெளியிட்ட 'குவீன்ஸ் பீஸ்ட்ஸ்' வரிசை. 1953-இல் எலிசபெத்தின் முடிசூட்டுக்காக ஜேம்ஸ் உட்ஃபர்டு செதுக்கிய பத்து விலங்குச் சிலைகள்தான் மூலம். காசுக்கு வரைந்தவர் ஜோடி கிளார்க். சிங்கம், கிரிஃபின், செந்நிற டிராகன் என்று போகும் வரிசையில் எனக்குப் பிடித்தது பியூஃபர்ட்டின் யேல்: கொம்பும் தந்தமும் கொண்ட, ஆட்டுச் சாயலில் ஒரு கற்பனை மிருகம். பெயரைக் கேட்டதும் நம் யாளி நினைவுக்கு வரும்!

ஆசை இருக்கட்டும், கணக்கும் வேண்டும். ஒரு அவுன்ஸ் காசாகப் பத்தும் வாங்கினால் 311 கிராம். கால் அவுன்ஸ் என்றால் காசுக்கு 7.78 கிராம், பத்துக்கும் சேர்த்து பத்து சவரனுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் சிறிய காசுக்கு, கிராம் கணக்கில், தங்க விலைக்கு மேல் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். இவை 24 காரட். கீறல் சீக்கிரம் விழும், உறையை விட்டு எடுக்காதீர்கள். சேகரிப்பவருக்காகத் தனியாக மெருகேற்றி அச்சிடும் 'ப்ரூஃப்' பதிப்பு பக்கம் போகவே வேண்டாம். அதன் மெருகுக்குக் கொடுத்த பணம் விற்கும்போது திரும்பும் என்று நம்ப முடியாது.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு 2022-இல் வந்த 'டியூடர் பீஸ்ட்ஸ்' வரிசையும் இருக்கிறது. வரிசையே வேண்டாம், ஒரே காசு போதும் என்பவருக்கு 2019-இல் வந்த 'ராயல் ஆர்ம்ஸ்'.

நானாக இருந்தால் நல்ல கேடயக் காசு நான்கு வாங்குவேன். பிறகு அந்த யேல் ஒன்று, கால் அவுன்ஸில்.