சேர்வராயன் மலைப் பாக்சைட்டும் மோல் பாய்வு வீத அலகு மாற்றமும்: ஒரு கலைச்சொல் நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

வேதித் தொழிலில் ஒரு பொருள் பாயும் வேகத்தை நிறையாலும் பருமனாலும் மோலாலும் குறிக்கலாம். இம்மூன்றையும் தமிழில் வேறுபடுத்திச் சொல்லாதவிடத்துக் கணக்கீடு பிழைபடும். ஏற்காட்டுப் பாக்சைட்டின் வேதியியலைச் சான்றாகக் கொண்டு இதனை இக்கட்டுரை விளக்குகிறது.

முன்னுரை

தமிழில் வேதியியல் நூலாக்கம் நெடிய வரலாறு உடையது. யாழ்ப்பாணத்தில் மருத்துவப் பணியாற்றிய சாமுவேல் கிறீனின் 'கெமிஸ்தம்' 1875இல் வெளிவந்தது. அறிவியல் கலைச்சொற்களை ஆக்குவதற்கென 1916இல் ஒரு சங்கம் சேலத்தில் அமைந்தது. அதனைத் தோற்றுவித்தோருள் ஒருவரான இராசகோபாலாச்சாரியார் பின்னர்த் 'திண்ணை ரசாயனம்' என்னும் நூலையும் எழுதினார். அச்சேலத்தை அடுத்துயர்ந்த சேர்வராயன் மலையின் உச்சிச் சமவெளிகளில் பாக்சைட் படிந்துள்ளது. 1965இல் உற்பத்தியைத் தொடங்கிய மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இம்மலையின் பாக்சைட் மூலப்பொருளாயிற்று.

மோலும் பாய்வும்

மோல் என்பது பொருளின் அளவைத் துகள் எண்ணிக்கையால் குறிக்கும் அலகு. 2019ஆம் ஆண்டு வரையறையின்படி ஒரு மோலில் 6.02214076 × 10²³ துகள்கள் உள்ளன. ஓர் அலகு நேரத்தில் கடந்து செல்லும் மோல்களின் எண்ணிக்கையே மோல் பாய்வு வீதம். நிறைப் பாய்வு வீதத்தை மோலார் நிறையால் வகுத்தால் இது கிடைக்கும்.

அலுமினா மணிக்கு 1 மெட்ரிக் டன் பாய்வதாகக் கொள்க. அதன் மோலார் நிறை 101.96 கிராம். பத்து இலட்சம் கிராமை இவ்வெண்ணால் வகுக்க, மணிக்கு 9,808 மோல், அதாவது 9.808 கிலோமோல் கிடைக்கும். கிலோமோல்/மணி என்பதை மோல்/நொடி ஆக்க 3.6ஆல் வகுத்தல் வேண்டும், விடை 2.724. ஒரு பவுண்டு-மோல் 453.592 மோல் ஆதலின், அதே பாய்வு மணிக்கு 21.62 பவுண்டு-மோல் ஆகும். பழந்தமிழ்க் கால அளவாகிய நாழிகை 24 நிமிடம்; இரண்டரை நாழிகை ஒரு மணி. எனவே நாழிகைக்கு 3.923 கிலோமோல். எண்கள் மாறினும் பாயும் பொருள் மாறவில்லை என்பதே அலகு மாற்றத்தின் அடிப்படை.

நிறை காக்கப்படும், மோல் காக்கப்பட வேண்டியதில்லை

இம்மலைப் பாக்சைட்டின் முதன்மைக் கனிமம் கிப்சைட், அதாவது அலுமினியம் ஹைட்ராக்சைடு. பேயர் முறையில் பிரித்தெடுத்த ஹைட்ராக்சைடைச் சுட்டால், அதன் இரண்டு மோலிலிருந்து ஒரு மோல் அலுமினாவும் மூன்று மோல் நீராவியும் கிடைக்கும். மேற்கண்ட அலுமினாவுக்கு மணிக்கு 19.62 கிலோமோல் ஹைட்ராக்சைடு உட்செல்ல வேண்டும், 29.42 கிலோமோல் நீராவி வெளியேறும். நிறையால் நோக்கின் 1,530 கிலோகிராம் உட்சென்று, 1,000 கிலோகிராம் அலுமினாவும் 530 கிலோகிராம் நீராவியுமாக வெளிவருகிறது, கணக்கு நேர்படுகிறது. மோலால் நோக்கினோ 19.62 உட்சென்று 39.23 வெளிவருகிறது. 'பாய்வு வீதம்' என்று மட்டும் எழுதிய பாடநூலில், மாணவர் இதனைப் பிழையெனக் கருத இடமுண்டு.

வளிமங்களில் நிபந்தனையும் கூறல் வேண்டும். அந்த அலுமினாவை மின்னாற்பகுக்கையில், கோட்பாட்டளவில் மணிக்கு 14.71 கிலோமோல் கார்பன் டை ஆக்சைடு தோன்றும். 0 பாகை செல்சியசில் 1 வளிமண்டல அழுத்தத்தைக் கொண்டால் இதன் பருமன் 329.7 கன மீட்டர். 1982இல் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் பரிந்துரைத்த 1 பார் அழுத்தத்தைக் கொண்டால் 334.1 கன மீட்டர். 'திட்ட நிலை' என்னும் ஒரே தொடர் இரண்டு விடைகளுக்கும் இடந்தருகிறது.

கலைச்சொற் சிக்கல்

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'நிறை' பொருண்மையையும் 'எடை' அதன்மேல் செயற்படும் புவியீர்ப்பு விசையையும் குறிக்கும். இலங்கைப் பாடநூல்களில் முன்னது 'திணிவு', பின்னதே 'நிறை'. 'மோல்' அங்கு 'மூல்' ஆகிறது. ஆகவே 'நிறைப் பாய்வு' என்னும் தொடரை ஈழத்து மாணவர் விசையெனக் கொள்ளக்கூடும். இது ஒலிபெயர்ப்பு வேறுபாடு மட்டுமன்று. ஒரே சொல் இரு வேறு இயற்பியல் அளவுகளைச் சுட்டும் நிலை.

முடிவுரை

நிறைப் பாய்வு, பருமப் பாய்வு, மோல் பாய்வு என மூன்று தொடர்களையும் தனித்தனியே ஆளுதல் வேண்டும். ஒவ்வோர் எண்ணுடனும் பொருளின் பெயர், அளவின் வகை, கால அலகு ஆகியவற்றையும், வளிமமாயின் வெப்பநிலை, அழுத்தம் ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும். இரு நாட்டு மாணவரும் பயிலும் நூலாயின் 'நிறை', 'திணிவு' ஆகியவற்றின் பொருளை முதற்கண் வரையறுத்தல் இன்றியமையாதது. கலைச்சொல்லின் செம்மை நடையழகுக்காக மட்டுமன்று. விடையின் சரிமையும் அதனைச் சார்ந்தே நிற்கிறது.