கூட்டிசையில் கிதார் ஏன் மறைகிறது?

1965ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த 'தி ஹூ' என்னும் ராக் இசைக்குழுவினர், இசைக்கருவிகளுக்கான பெருக்கிகளைச் செய்து விற்றுவந்த ஜிம் மார்ஷலை அணுகினர். இன்னும் உரக்க ஒலிக்கும் பெருக்கி வேண்டும் என்பது அவர்கள் வேண்டுகோள். அதன் விளைவாக 100 வாட் பெருக்கி உருவாயிற்று.

மாணவர்களே, 50 வாட்டை 100 வாட் ஆக்கினால் ஓசை இருமடங்காகக் கேட்குமா? கேட்காது. திறன் இருமடங்கானால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. ஓசை இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்குத் திறன் பத்து மடங்காக வேண்டும். அதாவது 500 வாட்! அப்படியானால், கூட்டிசையில் கிதார் தனித்துக் கேட்க வேறு வழி உண்டா? பார்ப்போம்.

மின் கிதார் பெருக்கியில் பேஸ், மிட், டிரெபிள் என மூன்று குமிழ்கள் இருப்பது வழக்கம். இவை முறையே தாழ்ந்த, இடைப்பட்ட, உயர்ந்த அதிர்வெண்களைக் கூட்டவும் குறைக்கவும் உதவுகின்றன. வீட்டில் தனியே வாசிப்பவர் பெரும்பாலும் பேஸையும் டிரெபிளையும் கூட்டி, மிட்டைக் குறைத்து வைப்பார். மெல்லிய ஓசையில் நம் செவி தாழ்ந்த அதிர்வெண்களைச் சரிவர உணர்வதில்லை. இதனை 1933இல் பிளெட்சர், மன்சன் ஆகியோர் அளந்து காட்டினர். ஆகவே பேஸைக் கூட்டினால் நாதம் நிறைவாகத் தோன்றுகிறது. அதே அமைப்புடன் மேடை ஏறினால் கிதார் காணாமல் போகிறது!

காரணம் என்ன? கிதாரின் தடித்த கம்பி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. பேஸ் கிதாரோ 41 ஹெர்ட்ஸிலேயே தொடங்கி இப்பகுதியை நிரப்பிவிடுகிறது. பெரிய டிரம்மும் அங்கேதான் முழங்குகிறது. மேலே, 5000 ஹெர்ட்ஸுக்கு அப்பால், சிம்பல் தட்டுகள் இரைகின்றன. ஆக, கிதார் கலைஞர் கூட்டி வைத்த இரு பகுதிகளும் பிறருடைய இடங்கள். தனக்குரிய நடுப்பகுதியை அவரே குறைத்துவிட்டார்.

ஓர் ஓசை மற்றோர் ஓசையைக் கேட்காமல் செய்வதற்கு 'மறைத்தல்' என்று பெயர். தாழ்ந்த ஓசை உயர்ந்த ஓசையை எளிதில் மறைக்கும். உயர்ந்தது தாழ்ந்ததை அவ்வளவு மறைக்காது. உட்செவியில் நத்தைக் கூடு போன்ற காக்லியாவினுள் ஒரு சவ்வு உள்ளது. அதன் நுழைவாயிலருகே உயர்ந்த அதிர்வெண்களும், கடைக்கோடியில் தாழ்ந்தவையும் உணரப்படுகின்றன. தாழ்ந்த ஓசையின் அலை கடைக்கோடியை அடையுமுன் மற்ற இடங்களையும் அசைத்துவிட்டே செல்கிறது. சவ்வில் ஓடும் இந்த அலையை ஆராய்ந்த பெக்கெசி 1961இல் நோபல் பரிசு பெற்றார்.

எனவே செய்ய வேண்டுவது இதுதான்: பேஸைக் குறைத்து, மிட்டைக் கூட்ட வேண்டும். அப்போது 82 ஹெர்ட்ஸ் சுரம் கெட்டுவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். கெடாது. 164, 246, 328 என அதன் மேற்சுரங்கள் ஒலிக்கும் வரை, அடிப்படைச் சுரம் மெலிந்தாலும் மூளை அதே சுருதியையே உணர்கிறது. தனியே கேட்டால் இவ்வமைப்பு சற்று மூக்கால் பாடுவதுபோல் தோன்றும். குழுவோடு கேட்கும்போதோ தெளிவாக இருக்கும்.

ஆப்பெரா பாடகர்கள் ஒலிவாங்கியின்றியே பெரிய வாத்தியக் குழுவை மீறிக் கேட்பதும் இம்முறையில்தான். வாத்தியக் குழுவின் ஓசை 500 ஹெர்ட்ஸ் அளவில் மிகுந்து, அதற்கு மேல் குறைந்துகொண்டே போகும். பாடகர் தம் தொண்டையின் ஒத்ததிர்வால் 3000 ஹெர்ட்ஸை ஒட்டிக் குரலின் ஆற்றலைக் குவிக்கிறார். இதனை விளக்கியவர் சுவீடன் நாட்டு அறிஞர் சுண்ட்பெர்க்.

இதை அறியாமல் ஒருவர் ஓசையைக் கூட்டினால், மற்றவரும் கூட்டுவர். அமெரிக்காவின் நியாஷ் நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 85 டெசிபெல் ஓசையில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் அந்நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் எவ்வளவு நேரம்? கணக்கிட்டுப் பாருங்கள்: 15 நிமிடம்தான்! உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

செய்து பாருங்கள்: கைப்பேசியில் ஒரு பாடலை ஒலிக்கவிட்டு, ஈக்வலைசரில் 500 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை மட்டும் குறையுங்கள். பாடகரும் கிதாரும் பின்னே ஒதுங்குவதைக் கேட்பீர்கள். மீண்டும் உயர்த்துங்கள், இருவரும் முன்னே வருவர்.