இதயத்துக்குள் ஒரு குறுக்குவழி

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகவேண்டும். நெடுஞ்சாலையில் ஏறினால் ஏறத்தாழ 40 கி.மீ. புதுச்சேரியைச் சுற்றியும் போகலாம். தொலைவு இரு மடங்காகும். இருந்தும், சில நாள் சுற்றுவழியே மேல் என்பார் ஓட்டுநர். குறுக்குவழியில் என்ன இடையூறு என்பதைப் பொறுத்தது அது. உங்கள் மார்புக்குள்ளும் இதே சிக்கல் உண்டு.

இதயத்தின் இடது கீழறையிலிருந்து பெருந்தமனி மேலே கிளம்பி, கைத்தடியின் பிடிபோல வளைந்து இறங்குகிறது. வளைவிலிருந்து மூன்று கிளைகள் தலைக்கும் கைகளுக்கும் செல்கின்றன. இவ்வளைவின் சுவர் நலிந்து பலூன்போலப் புடைத்தால் ஒருநாள் வெடித்துவிடலாம். மார்பைத் திறந்து, உடலைக் குளிரவைத்து, இரத்த ஓட்டத்தை நிறுத்தித் தைப்பது பழைய முறை, இன்றும் செய்கிறார்கள். முதியவர் பலர் அதைத் தாங்கமாட்டார்கள். அவர்களுக்கு உதவுவது கம்பி வலை தைத்த துணிக்குழாய். அதைச் சுருக்கி மெல்லிய குழலில் அடைத்து, தொடைத் தமனி வழியே ஏற்றி, புடைத்த இடத்தில் விரிப்பார்கள். அர்ஜென்டினா மருத்துவர் ஹுவான் பரோடி 1990-இல் வயிற்றுப் பெருந்தமனியில் இப்படிச் செய்தார்.

வளைவு என்றால் தொடைவழி தொல்லைதான். பாதை நீளம், முதியவர் தமனியில் கொழுப்புப் படிவுகள் வேறு. குழல் உரசிப் பெயர்ந்த துகள் மூளைக்குப் போனால் பக்கவாதம்.

சரி, பக்கத்திலேயே இருக்கும் இதயத்தின் வழியாக நுழைந்தால் என்ன? விலா எலும்புகளுக்கிடையே கீறி, இதயத்தின் கூர்முனையில் துளையிட்டு நேரே ஏறலாம். அல்லது தொடைச் சிரை வழியே வலது மேலறையை அடைந்து, இடைச்சுவரைத் துளைத்து இடப்பக்கம் தாவலாம். ஜெர்மனியின் ஹாம்பர்க் ஆய்வாளர்கள் 2010-களில் பன்றிகளுக்கு மயக்கம் கொடுத்து இதயவழியைச் சோதித்தனர். குழல் போய்ச் சேருகிறதா என்பது மட்டுமன்று கேள்வி. ரயில்வே கேட்டின் நடுவே பேருந்து நின்றுவிட்டால் கேட்டை மூட முடியுமா? வால்வுக்குள் குழல் கிடந்தாலும் அதே கதைதான். இரத்தம் பின்னோக்கிக் கசியும், அழுத்தம் சரியலாம். இரண்டாம் வழியிலோ ஈரிதழ் வால்வு, பெருந்தமனி வால்வு இரண்டையும் கடக்கவேண்டும்!

ஏன் பன்றி? அதன் இதயம் அளவில் நம்முடையதை ஒத்தது. ஆனால் வளைவில் கிளைகள் இரண்டே. ஆட்டுக்கோ ஒன்றுதான். மேலும், இளம் பன்றியின் தமனியில் கொழுப்புப் படிவு இராது. ஆகவே பக்கவாத ஆபத்தை அது முழுதும் காட்டாது.

ஆயினும் இத்தகைய பொறுமை வீண் அன்று. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம். எஸ். வலியத்தான் குழுவினர் செயற்கை இதய வால்வு செய்தபோது, முதல் மூன்று வடிவங்களைக் கைவிட நேர்ந்தது. நான்காவது வடிவம் செம்மறியாடுகளில் தேறிய பின்னரே 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தினர்.

அடுத்தமுறை இறைச்சிக் கடையில் ஆட்டிதயம் கிடைத்தால், பெருந்தமனிக்குள் விரலை விட்டுப் பாருங்கள். வால்வின் மூன்று மெல்லிய இதழ்கள் தட்டுப்படும்.