உப்புக் காற்றில் ஒரு ஃபோர்க்லிஃப்ட்

கேளம்பாக்கத்திலிருந்து கோவளத்துக்குப் போகும் சாலையில், உப்பளங்களின் வெண்மை கண்ணைக் கூசச் செய்யும் இடத்தில் சற்று நின்று பார்ப்பவருக்கு, பாரம் சுமக்கும் காரியம் முன்னாளில் மனிதத் தலையையும் கூடையையுமே நம்பியிருந்தது நினைவுக்கு வராமற் போகாது. இப்போதோ பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டபடியால், டைல்ஸும் குழாயும் சிமெண்டும் வந்திறங்கும் கோடவுன்களில் ஃபோர்க்லிஃப்ட் அத்தியாவசியமாகிவிட்டது. வாங்க நினைப்பவர்கள் "எத்தனை டன்?" என்றே விசாரணையை ஆரம்பிக்கிறார்கள். ஆனால் தரை எப்படி, ராக்குகளுக்கு நடுவே வழி எவ்வளவு என்று ஆரம்பிப்பதே உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

லாரியிலிருந்து சரக்கிறக்கவும், ஐப்பசி கார்த்திகை மழையில் சேறாகும் முற்றத்தைக் கடக்கவும், பின்புறம் இரும்புக் கட்டியை எதிர்ப்பாரமாகச் சுமந்த டீசல் வண்டியே சிரேஷ்டம். ஆனால் அது திரும்புவதற்கு மூன்றரை, நான்கு மீட்டர் வழி வேண்டும். அடைத்த கட்டடத்துக்குள் அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடோ, மணமின்றியே மனிதனை மயக்கிவிடும் விஷம்.

நிலத்தின் விலை ஏறிய இப்பிரதேசத்தில் உயரமாக அடுக்குவதே லாபம் என்று கருதுபவர் ரீச் டிரக்கை நாடலாம். தூக்கும் கம்பம் முன்னும் பின்னும் நகரும் அமைப்பினால் அது மூன்று மீட்டருக்கும் குறைந்த வழியில் வேலை செய்து, பத்து மீட்டர் உயரத்திலும் சரக்கை வைக்கும். எனினும் அதன் சிறு சக்கரங்களுக்கு வழவழப்பான தரை வேண்டுமாகையால், முற்றத்துக்கு அதை இறக்குவது விவேகமன்று. சிறு கடைக்காரருக்கோ இரண்டரை டன் இழுக்கும் கைவண்டியே போதும். கௌரவத்துக்காகப் பெரிய யந்திரம் வாங்குவோரையும் நான் கண்டதுண்டு!

மின்சார வண்டிக்குப் புகையில்லை. ஆனால் கடற்காற்று அதன் மின் இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏற்றும். தூக்கும் சங்கிலியைத் துரு தின்னும். ஈய பாட்டரியானால் சார்ஜ் ஏற எட்டு மணி நேரம் ஆவதோடு, அப்போது வெளிவரும் ஹைட்ரஜன் வாயு தீப்பற்றக்கூடியதாகையால் காற்றோட்டமான இடமும், அவ்வப்போது வாலைநீரும் வேண்டும். லித்தியம் பாட்டரி ஓரிரு மணியில் ஏறிவிடும், விலைதான் அதிகம். ஒரே ஷிப்டில், கூரைக்குள்ளேயே ஓட்டுபவருக்கு ஈயமே லாபகரம். இரண்டு ஷிப்டு ஓட்டுபவர் லித்தியத்துக்குச் செலவிடலாம். பழைய வண்டி வாங்குவோர் பெயிண்டைப் பார்த்து மயங்காமல், சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க வேண்டும்.

கடைசியாகத்தான் டன். வண்டியின் தகட்டில் 2 டன் என்றிருப்பது, பெரும்பாலும் பாரத்தின் மையம் ஃபோர்க்கின் செங்குத்து முகப்பிலிருந்து 500 மில்லிமீட்டரில் இருக்கும்போது மட்டும் பொருந்தும் கணக்கு. சரக்கை அடுக்கும் 1200 மில்லிமீட்டர் பலகையை (பாலெட்) நீளவாக்கில் ஏந்தினால் மையம் 600-க்குத் தள்ளிப்போய், அந்த 2 டன் குறைந்துவிடும். உயரம் கூடினால் இன்னும் குறையும். ஆகையால் விற்பவரிடம் போகுமுன், உங்கள் கோடவுன் வழியையும் பலகையையும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.