செலவும் வரவும்

நுழையும்முன்

நிலத்தில் விளைவதும் ஆலையில் உருவாவதும் மட்டுமே செல்வம் என்று எண்ணுவோர் உளர். விளைந்ததை உரிய இடத்தில் கொண்டு சேர்ப்பவரும், வழிப்போக்கருக்கு உணவும் உறையுளும் தருபவரும் நாட்டின் வருவாயைப் பெருக்கவே செய்கின்றனர். கையால் தொட்டுக் காட்ட இயலாத இவ்வுழைப்பின் தொகுதியே பணித்துறை. சரக்குந்துகளாலும் மலைக்கோட்டையாலும் அறியப்பட்ட சங்ககிரியைச் சான்றாகக் கொண்டு அத்துறையின் இயல்பை ஆராய்கிறது இக்கட்டுரை.

ஒரு சொல், இரு பொருள்

சங்க இலக்கியத்தில் 'செலவு' என்னும் சொல் பயணத்தைக் குறித்தது. பொருள் தேடிப் பிரியக் கருதிய தலைவன் தன் பயணத்தைத் தாழ்த்தித் தலைவியைத் தேற்றுவதைச் 'செலவழுங்கல்' என்று அகப்பொருள் இலக்கணம் கூறும். இன்று அச்சொல் பணத்தைக் கொடுத்தலைக் குறிக்கிறது. 'வரவு' என்பதும் வருகை, வருவாய் என்னும் இரு பொருள்களையும் தாங்கி நிற்கிறது. மனிதர் இடம்பெயரும்போது பணமும் இடம்பெயர்கிறது. ஒருவரின் செலவு மற்றொருவரின் வரவாகிறது. பணித்துறையைப் புரிந்துகொள்ள இவ்விரு சொற்களே நல்ல வாயில்கள்.

மூவகைத் துறைகள்

ஒரு நாட்டின் பொருளாதார நடவடிக்கைகளைப் பொருளியலாளர் மூன்று துறைகளாகப் பகுப்பர். வேளாண்மை, கால்நடை வளர்ப்பு, மீன்பிடித்தல் ஆகியன முதன்மைத் துறையைச் சார்ந்தவை. மூலப்பொருளை மாற்றிப் புதுப்பொருள் ஆக்கும் தொழில்கள் இரண்டாம் துறையாகும். போக்குவரத்து, வணிகம், வங்கி, கல்வி, மருத்துவம், தகவல் தொழில்நுட்பம், சுற்றுலா ஆகியன மூன்றாம் துறையாகிய பணித்துறையில் அடங்கும். இப்பகுப்பு ஏ.ஜி.பி. ஃபிஷர் 1935ஆம் ஆண்டிலும் காலின் கிளார்க் 1940ஆம் ஆண்டிலும் வெளியிட்ட நூல்களால் உலகெங்கும் பரவியது.

அதற்கு முன்னர்ப் பணிகளின் மதிப்பைப் பற்றி ஐயம் நிலவியது. 1776ஆம் ஆண்டில் வெளிவந்த 'நாடுகளின் செல்வம்' என்னும் நூலில் ஆடம் ஸ்மித், செய்து முடித்த கணத்திலேயே மறைந்துவிடும் பணிகளை ஆக்கமற்ற உழைப்பு என்று வகைப்படுத்தினார். இன்றைய நாட்டு வருமானக் கணக்கீடு அக்கருத்தை ஏற்பதில்லை. இந்தியாவின் மொத்த மதிப்புக் கூட்டலில் பணித்துறையின் பங்கு 2024–25ஆம் ஆண்டில் ஏறத்தாழ 55 விழுக்காடு என்று நடுவண் அரசின் பொருளாதார ஆய்வறிக்கை குறிப்பிட்டது.

மேட்டுநிலம் கண்ட வழி

சேலத்திற்கும் ஈரோட்டிற்கும் இடையே, இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும் அருகருகே செல்லும் இடத்தில் அமைந்துள்ளது சங்ககிரி. மேற்கே காவிரி ஓடினும், இம்மேட்டுநிலத்தின் பெரும்பகுதி மழையையும் கிணற்றையும் நம்பியே இருந்து வந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் நிலத்தை மட்டும் நம்பி வாழ இயலாத குடும்பங்கள் வேறு தொழில்களை நாடின. அத்தொழில்களுள் சரக்குந்துத் தொழில் தலையாயது.

அதற்குரிய சூழலும் அமைந்திருந்தது. சேலத்திலிருந்து கொச்சி செல்லும் நெடுஞ்சாலை இவ்வூர் வழியே செல்கிறது. இப்பகுதியின் சுண்ணாம்புக்கல் வளத்தைக் கொண்டு 1960களில் இங்குச் சிமெண்டு ஆலை தொடங்கப்பட்டது. பின்னர் எரிபொருள் கிடங்குகளும் வந்தன. சேலத்து ஜவ்வரிசி, நாமக்கல் முட்டை, ஈரோட்டு மஞ்சள் ஆகிய அனைத்திற்கும் தொலைதூரச் சந்தைகள் தேவைப்பட்டன. நிலத்தை அடகு வைத்தும், சீட்டுப் பணத்தைத் திரட்டியும், நிதி நிறுவனத்தில் கடன் பெற்றும் ஒரு வண்டி வாங்கியவர், தாமே ஓட்டுநராகவும் உரிமையாளராகவும் விளங்கினார். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு ஆகிய ஊர்களின் பெயர்கள் நாடெங்கும் ஓடும் வண்டிகளின் நெற்றியில் இடம்பெற்றன.

ஒரு வண்டியைச் சுற்றிப் பல தொழில்கள் கிளைத்தன. அடிச்சட்டத்தின் மேல் 'பாடி' கட்டும் பட்டறைகள் இரண்டாம் துறையைச் சார்ந்தவை. பழுது நீக்குவோர், பஞ்சர் ஒட்டுவோர், காப்பீட்டு முகவர், சரக்குப் பதிவு அலுவலகத்தார், சாலையோர உணவகத்தார் ஆகியோர் மூன்றாம் துறையினர். துறைகள் ஒன்றையொன்று சார்ந்தே வளர்கின்றன என்பதற்கு இதுவே சான்று.

தெரிந்து தெளிவோம்

பண்டைத் தமிழகத்தில் உப்பு வணிகராகிய உமணர், எருதுகள் பூட்டிய வண்டிகளில் உப்பை ஏற்றி உள்நாடு எங்கும் கொண்டு சென்றனர். மேடு பள்ளங்களில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்காக வண்டியின் அடியில் மற்றோர் அச்சைக் கட்டி வைத்திருந்தனர். அது 'சேம அச்சு' எனப்பட்டது. தகடூர் அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் அச்சேம அச்சுக்கு ஒப்பிடுவதைப் புறநானூற்றின் 102ஆம் பாடலில் காணலாம். இன்றைய 'ஸ்டெப்னி' சக்கரத்தின் மூதாதை அது எனலாம். தகடூர் என்பது சேலத்தை அடுத்துள்ள தருமபுரியின் பழம்பெயர்.

வாடகையின் கணக்கு

ஒரு வண்டி சேலத்திலிருந்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு மகாராட்டிரம் செல்கிறது. மூட்டைகளின் எடை கூடவில்லை, வடிவம் மாறவில்லை. எனினும், சேலத்துக் கிடங்கில் இருந்த ஜவ்வரிசியைவிட, அதை விரும்பி உண்ணும் மக்களின் ஊரை அடைந்த ஜவ்வரிசிக்கு விலை மிகுதி. இடம் மாறியதால் விளைந்த இப்பயனைப் பொருளியலார் 'இடப்பயன்பாடு' என்பர். போக்குவரத்து விற்பது இப்பயன்பாட்டையே.

இப்பயணத்திற்கு வாடகை 60,000 ரூபாய் எனக் கொள்வோம். டீசல், சுங்கக் கட்டணம், டயர்த் தேய்மானம், பிற கொள்முதல்கள் ஆகியவற்றிற்கு 42,000 ரூபாய் ஆகிறது என்றும் கொள்வோம். எஞ்சும் 18,000 ரூபாயே இவ்வண்டி நாட்டு வருமானத்தில் சேர்க்கும் மதிப்பு. முழு வாடகையையும் கணக்கில் கொண்டால், டீசலின் மதிப்பு எண்ணெய் நிறுவனத்தின் கணக்கில் ஒரு முறையும் வண்டியின் கணக்கில் மறுமுறையும் எண்ணப்பட்டுவிடும். எஞ்சிய தொகையே ஓட்டுநரின் ஊதியம், கடனுக்கு வட்டி, உரிமையாளரின் ஆதாயம் எனப் பிரிகிறது. டீசல் விலை உயர்ந்து வாடகை உயராதபோது சுருங்குவதும் இத்தொகைதான்.

சேமிக்க இயலாத பொருள்

நெல்லைக் குதிரில் சேமிக்கலாம். துணியைக் கிடங்கில் அடுக்கலாம். பணியைச் சேமிக்க இயலாது. மகாராட்டிரத்தில் சரக்கை இறக்கிய வண்டி, வெங்காயமோ வேறு பொருளோ ஏற்றித் திரும்பினால் இருவழியும் வருவாய் உண்டு. ஏற்ற ஏதும் இன்றித் திரும்பினால், அப்பயணத்தின் கொள்ளளவு என்றென்றைக்கும் இழந்ததாகவே முடியும். 'ரிட்டன் லோடு' கிடைக்கும் வரை ஓட்டுநர்கள் வெளியூர்ச் சாலையோரங்களில் நாள்கணக்கில் காத்திருப்பதன் காரணம் இதுவே. தங்கும் விடுதியில் ஓர் இரவு காலியாகக் கிடந்த அறையும், பேருந்தில் நிரம்பாத இருக்கையும் இவ்வகையினவே.

ஆகவே, பணித்துறைக்குக் காலமே மூலதனம். 2017ஆம் ஆண்டு சூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் விலக்கப்பட்டன. சாவடிகளில் வரிசையில் நின்ற பொழுது ஓடும் பொழுதாக மாறியது; வண்டியின் எண்ணிக்கையைக் கூட்டாமலே அதன் பயன் கூடியது.

பொருளை நாடி வரும் பயணி

சரக்குந்துத் தொழிலில் பொருள் மக்களைத் தேடிச் செல்கிறது. சுற்றுலாவில் மக்கள் பொருளைத் தேடி வருகின்றனர். மலையையோ கோயிலையோ அருவியையோ வண்டியில் ஏற்றி அனுப்ப இயலாது. காண விரும்புவோர் தாமே வந்தாக வேண்டும். வெளிநாட்டுப் பயணி இந்தியாவில் செலவிடும் தொகை, பொருளெதுவும் கப்பலேறாமலே நாட்டிற்கு அந்நியச் செலாவணியை ஈட்டித் தருகிறது. அதனால் சுற்றுலாவைக் 'கண்ணுக்குப் புலனாகா ஏற்றுமதி' என்பர்.

பழந்தமிழருக்கு இது புதிய செய்தியன்று. வள்ளலிடம் பரிசில் பெற்றவர் பெறாதவர்க்கு வழிகூறி அனுப்பும் ஆற்றுப்படை நூல்கள், செல்லும் வழியையும், வழியில் கிடைக்கும் உணவையும், தங்குமிடத்தையும், வழியின் இடர்களையும் விரித்துரைக்கின்றன. நல்லதொரு சுற்றுலா வழிகாட்டிக்கு வேண்டிய கூறுகள் அனைத்தும் அவற்றில் உள்ளன. 'விருந்து' என்னும் சொல்லின் பழம்பொருள் புதுமை என்பதாகும். முன்பின் அறியாதவரைப் பேணுதலே விருந்தோம்பல் எனப்பட்டது.

நாட்டு வருமானக் கணக்கில் சுற்றுலாவுக்கெனத் தனி வரிசை கிடையாது. பயணி தரும் பணம் பேருந்துக் கட்டணமாகவும், உணவக வருவாயாகவும், கைவினைப்பொருள் விலையாகவும் பல இடங்களில் சிதறிப் பதிவாகிறது. அவற்றைத் தொகுத்தறிய 'சுற்றுலாத் துணைக்கணக்கு' என்னும் முறை பயன்படுகிறது. இந்தியா முதன்முதலில் 2002–03ஆம் ஆண்டுக்கு அதை உருவாக்கியது. அண்மைக்கால மதிப்பீடுகளின்படி நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுற்றுலாவின் நேரடி, மறைமுகப் பங்கு ஏறத்தாழ 5 விழுக்காடு.

இத்துறை மென்மையானதும் ஆகும். 2019ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணியர் ஏறத்தாழ 1 கோடியே 9 இலட்சம் பேர். கொரோனாப் பெருந்தொற்று பரவிய 2020ஆம் ஆண்டில் அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 27 இலட்சமாகச் சரிந்தது. விடுதிகள் அடைபட்டிருந்த அந்நாள்களிலும், இன்றியமையாப் பொருள்களை ஏற்றிய சரக்குந்துகள் ஓடின. விருப்பத்தால் நிகழும் பயணம் எளிதில் நின்றுவிடும்; தேவையால் நிகழும் பயணம் நிற்பதில்லை. ஓர் ஊர் ஒரே பணியை மட்டும் நம்பியிருத்தல் தகாது என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

சாலையோரத்துக் கோட்டை

சங்கு வடிவில் அமைந்த மலை ஆதலின் சங்ககிரி எனப் பெயர் பெற்றது என்பர். மலையடிவாரம் தொடங்கி உச்சி வரை அடுக்கடுக்காக மதில்களும் வாயில்களும் அமைந்துள்ளன. விசயநகர ஆட்சிக்காலம் முதல் மைசூர் ஆட்சி, ஆங்கிலேயர் ஆட்சி எனப் பல காலங்களின் கட்டுமானங்களை இங்குக் காணலாம். 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பின்னர்ச் சேலம் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட தீரன் சின்னமலை 1805ஆம் ஆண்டில் தூக்கிலிடப்பட்டது இக்கோட்டையில்தான். ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டாம் நாளில் இங்கு அவருக்கு மரியாதை செலுத்தப்படுகிறது. கோட்டை இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

தொடர்வண்டியிலும் சாலையிலும் செல்வோர் இம்மலையைக் காண்கின்றனர். பலர் கண்டவாறே கடந்து செல்கின்றனர். கடந்து செல்பவர் ஊருக்கு எவ்வருவாயும் தருவதில்லை. அவர் இறங்கி மலையேறி, அரைநாள் தங்கினால்தான் இளநீர்க்கடைக்கும் உணவகத்திற்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் வரவு உண்டு. அவரை இறங்கச் செய்பவை எவை? தூய குடிநீர், கழிப்பறை, பாதுகாப்பான படிகள், வாயில்தோறும் வரலாற்றை விளக்கும் பலகை, வரலாறு அறிந்த உள்ளூர் வழிகாட்டி ஆகியன. மதிலைக் கட்டியவர் அரசர். அதைச் சுற்றுலாத் தலமாக ஆக்குவது பணிகள். திருச்செங்கோட்டு மலைக்கோயில், நாமக்கல் கோட்டை, 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை, ஏற்காடு ஆகியவற்றோடு சங்ககிரியையும் இணைத்துப் பயணத்திட்டம் வகுத்தால், ஒரு நாள் பயணி இரு நாள் தங்கும் விருந்தினர் ஆவார்.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் தேவை. மதிலில் பெயர் செதுக்குவோரும் நெகிழிக் குப்பையை எறிவோரும் வருவாய்க்கு அடிப்படையான செல்வத்தையே அழிக்கின்றனர். உயிர்நீத்தவரின் நினைவிடம் வெறும் விற்பனைப் பொருளாகிவிடவும் கூடாது. காண்பதற்குரிய இடம் எதுவோ அதுவே காக்கப்படுவதற்கும் உரியது.

பங்கும் பங்கீடும்

பணித்துறை நாட்டின் மதிப்புக் கூட்டலில் பாதிக்கு மேல் தருகிறது. எனினும் உழைப்போரில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரே அத்துறையில் உள்ளனர். ஏறத்தாழ 46 விழுக்காட்டினர் இன்னும் வேளாண்மையைச் சார்ந்துள்ளனர். பணித்துறைக்குள்ளும் நிலைமை ஒரே சீராக இல்லை. மென்பொருள் நிறுவனத்தில் மாத ஊதியம் பெறுபவரும், இரவு முழுதும் வண்டி ஓட்டுபவரும் ஒரே துறையினராகவே கணக்கிடப்படுகின்றனர்.

1961ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஓட்டுநரின் பணிநேரத்தை நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என வரையறுத்தது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளரைக் கொண்ட நிறுவனங்களுக்கே அச்சட்டம் பொருந்துவதாக இருந்தது. ஒரே வண்டி வைத்திருப்பவரிடம் பணிபுரிந்த ஓட்டுநர் அவ்வரம்புக்கு வெளியே நின்றார். சங்ககிரி போன்ற ஊர்களின் தொழில் எழுந்ததோ அத்தகைய சிறு உரிமையாளர்களால். வளர்ச்சிக்குக் காரணமான அமைப்பே பாதுகாப்பின்மைக்கும் இடமளித்தது. ஓய்வின்றி ஓட்டப்படும் வண்டி, ஓட்டுநரின் உயிரை மட்டுமன்றிச் சாலையில் செல்லும் அனைவரின் உயிரையும் பணயம் வைக்கிறது. நெடுஞ்சாலையோரம் பாதுகாப்பான ஓய்விடம், உரிய பணிநேரம், காப்பீடு ஆகியன ஓட்டுநருக்கு வழங்கும் சலுகைகளல்ல. தொழில் நிலைத்து நிற்பதற்கான அடித்தளங்கள்.

விளைபொருளின் தரத்தை அதைச் சோதித்து அறியலாம். பணியின் தரமோ அதைச் செய்யும் மனிதரிடமிருந்து பிரிக்க முடியாதது. களைத்த ஓட்டுநரால் காலத்தே சரக்கைச் சேர்க்க இயலாது. மதிக்கப்படாத பணியாளரால் மலர்ந்த முகத்துடன் விருந்தினரை வரவேற்க இயலாது. ஆகவே, பணித்துறையில் மனிதரைப் பேணுவதே பொருளைப் பேணுவதாகும். செலவால் வளர்ந்த ஊர் வரவாலும் வளர வேண்டுமாயின், சாலையில் செல்பவரும் வாயிலில் வரவேற்பவரும் தம் உழைப்பின் பயனில் உரிய பங்கைப் பெற வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் ஒரே தெருவில் உள்ள தொழில்களைப் பட்டியலிட்டு, அவற்றை மூவகைத் துறைகளாகப் பகுத்து எழுதுக.

2. சேமிக்க இயலாத பணிகள் ஐந்தனைக் குறிப்பிட்டு, அவை வீணாகாமல் காக்கும் வழிகளை வகுப்பில் கலந்துரையாடுக.

3. உங்கள் ஊருக்கு அருகில் உள்ள வரலாற்று இடம் ஒன்றிற்கு வழிகூறும் வகையில், ஆற்றுப்படையின் அமைப்பைப் பின்பற்றி உரைநடையில் ஒரு பக்கம் எழுதுக.

4. தொலைதூர ஓட்டுநர் ஒருவரைக் கண்டு, அவர்தம் ஒரு நாள் பணியையும் ஓய்வையும் கேட்டறிந்து நேர்காணலாகத் தொகுக்க.