லயத்துப் பாத்திகளும் வழிவழி வேளாண்மையும்

மலைநாட்டுப் புகையிரதப் பாதையில் தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டேர்னுக்கும் இடையே அமைந்தது வட்டகொடை. அங்குத் தேயிலையைக் காண்பார் பலர். லயங்களை அடுத்துள்ள காய்கறிப் பாத்திகளை உற்று நோக்குவார் சிலரே. பல பயிர்களையும் கால்நடையையும் ஒருங்கே பேணி, ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக நடத்தும் வேளாண்மை எத்தகையது என்பதை அறிய விழைவார்க்கு அப்பாத்திகளே நல்ல பாடமாகும்.

கோவா, லீக்ஸ், கரட், போஞ்சி, உருளைக்கிழங்கு ஆகியன மலைக் குளிருக்கு ஏற்றவை. சிறு நிலத்தில் இவற்றை மாற்றி மாற்றிப் பயிரிடுவதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, ஒரு பயிரின் விலை வீழ்ந்தால் வேறொன்று கைகொடுக்கும். இரண்டாவது, கிழங்கு விளைந்த பாத்தியில் மீண்டும் கிழங்கையே நட்டால் அதற்குரிய நோய்கள் மண்ணிற் பெருகும். இடையே போஞ்சியை விதைத்தால் அத்தொடர் தளர்வதோடு, அதன் வேர்முண்டுகளில் வாழும் பற்றீரியங்கள் காற்றிலுள்ள நைதரசனையும் பிடித்துத் தரும். பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்காக அமைத்தலும் இன்றியமையாதது. அன்றேல் பெருமழையில் மேன்மண் ஓடையைச் சேரும்.

இவ்வமைப்பின் நடுநாயகம் பசு. ஓடையோரத்துப் புல்லும் கழித்த இலைகளும் அதற்கு உணவு. பால் வீட்டுக்கும் விற்பனைக்கும் உரியது. சாணம் கூட்டெருவாகிப் பாத்தியை அடைகின்றது. ஒன்றன் கழிவு மற்றொன்றன் உணவாதலே கலப்புப் பண்ணையின் உயிர்நிலை. 1848இல் நுவரெலியாவில் ஆங்கிலப் பாணிப் பண்ணை அமைக்கப் புகுந்த சாமுவேல் பேக்கரும், அம்மண் எருவின்றிப் பயன் தராது என்பதைப் பட்டறிந்தே கற்றார். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. அத்தகைய வேளையில் தொழுவமுள்ள வீடு முற்றும் கைவிடப்படுவதில்லை. ஆயினும் ஒரு பசுவின் எரு சிறு நிலத்துக்கே போதும் என்பதையும் நாம் மறத்தலாகாது.

எப்பாத்தியில் நீர் தேங்கும், எக்காற்றின் பின் மழை வரும் என்பன நூலிற் கிடைப்பன அல்ல. பாட்டனாரோடு களை பறிக்கும் பேரன் அவற்றைக் கைப்பழக்கமாகவே பெறுகின்றான். அறிவு இவ்வாறு கைமாறுகின்றது, நிலமோ கைமாறுவதில்லை.

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. பாத்திகளைத் திருத்திய குடும்பங்களுட் பலவற்றுக்கு அவற்றின் உறுதி இன்றும் இல்லை. பிற்காலத்து வீடமைப்புத் திட்டத்தில் வீடொன்றுக்கு 7 பேர்ச் காணி வகுக்கப்பட்டது. ஓர் ஏக்கர் 160 பேர்ச் ஆதலின், வீடு எழுந்தபின் எஞ்சும் மண் எத்துணை என்பதை வாசகரே கணக்கிடலாம். உரிமையற்றவன் மூன்று மாதத்துக் கரட்டை விதைப்பான். ஆண்டுகள் பல கழித்துக் காய்க்கும் பேரிமரத்தை நடவும், மண்ணைத் தாங்கும் கல்வரம்பு கட்டவும் தயங்குவான். ஆதலின் உரிமையின்மை குடும்பத்தை மட்டுமன்றி மண்ணையும் வறிதாக்கும்.

ஐக்கிய நாடுகள் சபை 2019 முதல் 2028 வரையுள்ள காலத்தைக் குடும்ப வேளாண்மைப் பத்தாண்டாக அறிவித்தது. வள்ளுவரோ உழவதிகாரத்தில் உழுதலினும் எருவிடுதலை உயர்த்தி, நீர்பாய்ச்சலினும் பயிர் காத்தலை மேலாக வைத்தார். எருவிடுதலை லயத்துக் குடும்பங்கள் நன்கறியும். காக்கும் வலிமை காணி உறுதியில் உள்ளது. நம் கல்லூரியிற் பயின்று சட்டம், நில அளவை, நிருவாகம் ஆகிய துறைகளிற் புகும் இளைஞர் இதனை நெஞ்சிற் கொள்வாராக.