செய்ந்நன்றியறிதலும் தோட்டப்புற இல்லறமும்

திருக்குறளின் பதினோராம் அதிகாரத்துப் பத்துக் குறளையும் தடையின்றி ஒப்புவிக்கும் பிள்ளைகள் நமது ஊவா மாகாணத்துப் பாடசாலைகளிற் பலருளர். ஒப்புவித்துப் பரிசும் பெற்ற பிள்ளை மாலையில் லயத்துக்குத் திரும்பித் தாய் நீட்டிய தேத்தண்ணீரிற் சீனி போதாதென்று முகஞ் சுளித்தலும் உண்டு. இதனைக் கொண்டு பிள்ளையைக் குறை கூறல் நமக்கு உடன்பாடன்று. அவ்வதிகாரத்தின் பெயரை நாம் எவ்வாறு கற்பித்து வருகின்றோம் என்பதையே முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

நாயனார் அதற்கு இட்ட பெயர் செய்ந்நன்றியறிதல். நன்றி என்னுஞ் சொல் ஆண்டு நன்மை என்னும் பொருளது. இக்காலத்து மேடைகளில் இறுதியாகக் கூறப்படும் நன்றி அன்று. பிறர் செய்த நன்மையை அறிதல் என்பதே அத்தொடரின் பொருளாம். பரிமேலழகர் இதனை மறவாமை என விளக்கினர். மறவாமைக்கு முன்னே அறிதல் வேண்டுமன்றோ? அறியாத ஒன்றை நினைத்தலும் இல்லை, மறத்தலும் இல்லை. ஆகவே இக்குணம் பெரும்பான்மையும் அறிவின்பாலது. அறிவின்பாலதாகலிற் கற்பிக்கத் தக்கது. உபாத்தியாயருக்கு இதன்கண் உள்ள உரிமை அதுவே.

நாம் இளமையிற் பயின்றது மிஷனாரிமார் தாபித்த பாடசாலையொன்றில். அங்கே நண்பகல் உணவுக்கு முன் எல்லாரும் எழுந்து நின்று நன்றிகூறும் ஜெபஞ் சொல்லுவர். அவ்வழக்கத்தில் ஓர் அழகு உண்டென்பதை நாம் என்றும் மறுத்ததில்லை. ஆயினும் அதனைக் கண்டு வந்த சிலர், தமிழ் வீடுகளில் ஒருவருக்கொருவர் நன்றி கூறுதல் இல்லையே, தமிழர் நன்றியறியாதவரோ என்று வினவக் கேட்டிருக்கின்றோம். சோறு படைத்த தாயை நோக்கி 'நன்றி' என்று ஒரு மகன் கூறினால், அவள் தன்னை விருந்தினளாக்கி விட்டான் என்றே மனம் நோவாள். நம்மவர் வீட்டில் அவ்வறிவு செய்கையாக வெளிப்படும்: உண்ட தட்டைக் கழுவி வைத்தல், அவள் சொல்லுமுன் பீலியில் நீர் பிடித்து வருதல், மலையிலிருந்து வந்தவளுக்கு இருக்கப் பலகையை நகர்த்திக் கொடுத்தல். ஆதலின், அன்னையர் தினத்தில் அச்சிட்ட அட்டையொன்றைப் பிள்ளையின் கையிற் கொடுத்தனுப்பிக் கடமை முடிந்ததென்றிருக்கும் வழக்கம் நமக்கு அத்துணை உவப்பாயில்லை. அட்டை கொடுத்த பிள்ளைக்குத் தாயின் ஒரு நாள் எத்தன்மையது என்பது தெரியுமா?

தோட்டத்துத் தாயின் நாளை இங்கே சிறிது விரித்து நோக்குவாம். வைகறை நான்கு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுகின்றாள். ரொட்டி சுட்டு, பிள்ளைகளை எழுப்பி, கைக்குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுப் பெரட்டுக்களத்துக்கு விரைகின்றாள். இடுப்பிற் படங்கு, முதுகிற் கூடை, கூடையின் கயிறு தலையில். இவ்வாறு சரிவிலே நாள் முழுதும் நின்று கொழுந்து பறிக்கின்றாள். மழைக்காலத்தில் அட்டைக்கடி, வெயிற்காலத்தில் நிழலில்லை. நமது ஊவாவிலே ஆடி ஆவணியில் வீசும் வறண்ட கச்சான் காற்றினால் தேயிலைக்கு ஒரு தனி மணம் உண்டாகின்றது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலை புகழ் பெற்றது அப்பருவத்துத் தேயிலையாலேயே. அவ்வறட்சியிற் கொழுந்து துளிர்த்தல் குறையுமாதலின், உலகம் தேயிலையை மிகப் புகழும் பருவமே அவளுடைய கூடை மிக மெல்ல நிரம்பும் பருவமுமாகும். மாலையிற் கொழுந்து மடுவத்தில் நிறுக்கின்றனர். கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிவு போகின்றது. குறித்த நிறை வாராவிடின் அன்று அவளுக்கு அரைப்பேர். பின்னர் வீடு திரும்பி மீட்டும் அடுப்படிக்குச் செல்லுகின்றாள். எல்லாரும் உண்டபின் எஞ்சியதே அவள் பங்கு.

இவற்றைப் பிள்ளை நாடோறும் கண்ணாற் காண்கின்றான்; ஆயினும் அறிகின்றானல்லன். நெருங்கி நிற்பது கண்ணுக்குப் புலப்படாமை இயல்பே. அவனுக்கு அதனை அறிவிக்கும் வழிகளுள் கணக்குப் பாடமும் ஒன்று. நாம் ஐந்தாம் வகுப்பிற் பலமுறை செய்வித்த கணக்கு வருமாறு. ஒரு தாய் ஒரு நாளிற் பறிக்கும் பச்சைக் கொழுந்து 18 கிலோ எனக் கொள்க. (தோட்டத்துக்குத் தோட்டம் இது வேறுபடும், பிள்ளைகள் தத்தம் வீட்டிற் கேட்டுவந்த தொகையைக் கொள்ளுதல் இன்னும் நன்று.) ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலை ஆகும். எனவே அவள் பறித்தது 4 கிலோத் தேயிலை. ஒரு கோப்பைக்கு 2 கிராம் வீதம் 2000 கோப்பை. பதுளையிலே, கொழும்பிலே, கடல் கடந்த நாடுகளிலே இரண்டாயிரம் பேர் அவளுடைய ஒரு நாளினால் ஒவ்வொரு கோப்பை அருந்துகின்றனர். கரும்பலகையில் அத்தொகையை எழுதியவுடன் வகுப்பு அமைதியாகிவிடும். சீனி போதாத அந்த ஒரு கோப்பையும் அவ்விரண்டாயிரத்துள் ஒன்றேயென்பது அப்போது தோன்றும்.

பசறைப் பக்கத்துப் பாடசாலையொன்றில் இக்கணக்கு முடிந்தபின் ஒரு சிறுவன் எழுந்து, "ஐயா, இரண்டாயிரம் கோப்பைக்கு எங்கள் அம்மாவுக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்டான். இவ்வினாவைக் கேட்டு அஞ்சும் உபாத்தியாயர் சிலருளர். நன்றியறிதலைக் கற்பிக்கப் புகுந்து முறைப்பாட்டைக் கற்பித்துவிட்டோமோ என்பது அவர் அச்சம். நமது கருத்து அதற்கு மாறானது. நன்மையை மெய்யாக அறிந்தவன் அதன் அளவையும் அறிவான். அளவை அறிந்தவன் அதற்கு ஈடு கிடைத்ததா என்று கேளாதிரான். பாடம் அவனுட் சென்றது என்பதற்கு அவ்வினாவே சான்று.

திருக்குறளின் அதிகார முறையும் இதற்குத் துணையாகும். செய்ந்நன்றியறிதலின்பின் நாயனார் வைத்தது நடுவு நிலைமை. அவ்வைப்பு முறைக்குப் பரிமேலழகர் காட்டும் காரணம் நம்மவர் பெரிதும் சிந்திக்கற்பாலது: நன்மை செய்தவரிடத்து அந்நன்மையை நினைக்குங்கால் நடுவு நிலைமை சிதைதல் கூடும், அவ்விடத்தும் அது சிதைதலாகாது என்பதற்காகவே அது பின் வைக்கப்பட்டது என்கின்றார். நன்றியறிதல் ஒருவன் வாயை அடைக்கும் பூட்டாக மாறக்கூடும் என்பதை அவ்வுரையாசிரியர் உணர்ந்திருந்தனர்.

தோட்டப்புறத்திலே அப்பூட்டு பன்முறை இடப்பட்டது. கடனைத் துண்டில் எழுதி வைத்து, அக்கடனைக் காட்டியே தொழிலாளரைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய துண்டு முறை 1921ஆம் வருடத்திலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடனையும் நன்மையையும் ஒன்றாகக் காட்டிய முறை அது. உண்ட உப்பை மறவாதே என்னும் நல்ல பழமொழி கூலி கேட்டவர்மேல் எறியப்பட்ட கல்லாயிற்று. காடழித்து மலைகளைத் தோட்டமாக்கிய மக்களின் வழிவந்தோருட் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் தமையன் நீலகிரிக்கும் தம்பி நமுனுகுலைக்குமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. எஞ்சிய நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே வழி திறந்தது. செய்ந்நன்றி மறத்தல் தனி மனிதருக்கு மட்டும் உரிய குற்றமென்று மாணாக்கருக்குக் கற்பித்தல் சரித்திரத்துக்கு மாறாகும்.

எதனையும் நன்முகமாக நோக்கும் மனப்பான்மையைப் பிள்ளைகளிடத்து வளர்க்க வேண்டும் என்று இக்காலத்துப் பலர் நமக்கு அறிவுறுத்துகின்றனர். நன்று, ஆயினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலையிலே கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் குடியிருப்புக்கு ஆகாதென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. பாடசாலைக்குச் சென்றிருந்தமையாற் பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். அவருட் சிலருக்குத் திரும்பிச் செல்ல வீடும் இல்லை, பெற்றாரும் இல்லை. அப்பிள்ளையின் முன் நின்று, உள்ளதை எண்ணி மகிழ்வாயாக என்று கூற எந்த உபாத்தியாயருக்கு நா எழும்? அங்கே செய்யத்தக்கது பக்கத்தில் இருத்தலே. கொஸ்லாந்தை, பூனாகலைப் பாடசாலைகள் அந்நாளில் அம்மக்களுக்குத் தங்குமிடமாயின. துயரத்தைத் துயரமென்று சொல்லவிட்ட வீட்டிலேதான் பின்னொரு நாளில் நன்றியறிதலும் பொய்யின்றி முளைக்கும் என்பது நமது துணிபு.

இனி, வீட்டுப் பேச்சுக்கு வருவாம். செய்ந்நன்றியறிதலுக்கு முன்னதாக நிற்கும் அதிகாரம் இனியவை கூறல். இம்மூன்றும் இல்லறவியலில் அடுத்தடுத்து நிற்றல் காண்க. மாலையில் தாய் வந்தவுடன் அவள் கேட்கும் முதற்சொல் யாது? "இன்றைக்கும் அரைப்பேரா?" என்று தந்தை உறுக்கினால், உழைப்பை இகழ்தலே பிள்ளை கற்கும் பாடம். அவள் சம்பளத்தை அவன் வாங்கிச் சாராயத்தில் அழிக்கும் வீட்டில் நாம் வகுப்பிற் கற்பித்த பத்துக் குறளும் ஒரே மாலையிற் கரைந்து போகும். பெற்றார் கூட்டத்தில் இதனைக் கூற நாணவேண்டுவதில்லை. கூசாமல், ஆனால் ஒருவரையும் சுட்டாமல், கூறுக. பெற்றாரும் தம் பிள்ளைகளிடத்து நன்மை காணக் கற்றல் வேண்டும். தம்பியை இடுப்பிற் சுமந்து வளர்த்த பத்து வயது அக்காளின் உழைப்பை 'பொறுப்பான பிள்ளை' என்னும் ஒரு சொல்லால் முடித்து விடுகின்றோம். தாயோ தமக்கையோ வீட்டு வேலைக்காக அரபு நாடுகளுக்குச் சென்றிருக்கும் குடும்பங்களும் இன்று பல. அவர் அனுப்பும் பணம் வந்த நாளிலே அதற்குப் பின்னுள்ள இரவுகளைப் பாட்டியேனும் பிள்ளைகளுக்கு எடுத்துக் கூறுதல் நன்று.

மேலைநாட்டு உளநூலார் இருவர், எம்மன்ஸ், மக்கல்லோ என்போர், 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றிலே, வாரந்தோறும் தமக்குக் கிடைத்த நன்மைகள் சிலவற்றை எழுதி வந்தோர், தொல்லைகளை எழுதி வந்தோரினும் தம் வாழ்க்கையைப்பற்றி மனநிறைவு மிக்கோராயிருந்தனரெனக் காட்டினர். பின் வந்த ஆய்வுகள் இதன் பயன் மிகப் பெரிதன்று என்றும் கூறுகின்றன. ஆதலின் இதனை மந்திரமாகக் கொள்ளற்க. வேறோர் ஆய்விலே வாரத்தில் மும்முறை எழுதியோரினும் ஒருமுறை எழுதியோரே பயன் பெற்றனராம். நாடோறும் எழுதச் செய்தால் அது வாய்ப்பாடாகிவிடும் என்பது உபாத்தியாயர் எவரும் அறிந்ததே. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு குறிப்பு போதும். நாம் அதற்கு இரு வினாக்களை வகுத்துக்கொண்டோம்: இவ்வாரம் உனக்கு நன்மை செய்தவர் யார்? அதனைச் செய்தற்கு அவர் எதனை இழந்தார்? இரண்டாம் வினாவுக்கு விடை எழுதப் பிள்ளை வீட்டிற் சென்று கேட்டே ஆகவேண்டும். நமக்கு வேண்டுவது அக்கேள்வியே. பெற்றார் இல்லாத பிள்ளைகள் வகுப்பில் இருப்பராதலின், 'தாய்' 'தந்தை' என்று குறித்துக் கேட்டல் கூடாது. எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லலும் ஆகாது.

நவராத்திரி நெருங்குகின்றது. பாடசாலைகளிலே வாணிவிழாவுக்குப் புத்தகங்களை அடுக்கிப் பூசிப்போம். தேயிலைத் தொழிற்சாலைகளிலே யந்திரங்களுக்கு ஆயுதபூசை நடக்கும். நம் பாடசாலைப் பூசையில் புத்தகங்களின் பக்கத்தே கொழுந்துக் கூடையொன்றும் கவ்வாத்துக் கத்தியொன்றும் வைத்துப் பார்க்குமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்ளுகின்றோம். கூடையைப் பிள்ளையே கழுவித் துடைத்துக் கொண்டுவரட்டும். கொண்டுவருமுன் தாயைக் கேட்கச் சொல்லுதல் அவசியம். அன்றைக்கு மலைக்குப் போகவேண்டிய கூடையாக அஃது இருத்தல் கூடும்.